18 இரவில் தீர்ந்த 20 கிராம் டியூப்

வாசகி கேட்கிறார்: எனக்கு 26 வயது. ஜூரோங் வெஸ்ட்டில் வீடு, ராஃபிள்ஸ் பிளேசில் அலுவலகம், நாள் முழுவதும் ஏர்கான். மூன்று வருடமாகக் கன்னத்திலும் தாடையிலும் பரு. சென்னையிலிருந்து வந்த சித்தி பருவுக்குப் பூசும் ட்ரெட்டினாயின் 0.05 விழுக்காடு கிரீம் கொண்டுவந்து கொடுத்தார். தினமும் இரவு முகம் கழுவிய கையோடு தடவினேன். 20 கிராம் டியூப் 18 நாளில் தீர்ந்துவிட்டது. இப்போது வாயைச் சுற்றியும் மூக்கோரத்திலும் தோல் உரிகிறது, ரசம் பட்டால்கூட எரிகிறது. பருவும் முன்பைவிட அதிகம். உரிந்த இடம் கறுத்துக்கொண்டு வருகிறது. "உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வருகிறது, விடாமல் போடு" என்கிறாள் தோழி. "தோல் மெலிந்துபோகும், தூக்கிப் போட்டுவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவு" என்கிறார் அம்மா. சித்தியிடம் இன்னொரு டியூப் இருக்கிறது; அது மைல்டாம், நிறமும் தருமாம். நான்கு மாதத்தில் எனக்குக் கல்யாணம். யார் பேச்சைக் கேட்பது?

மருந்தாளர் பதில்:

இப்போதைக்கு மூவர் பேச்சும் வேண்டாம். இன்றிரவு முகத்தில் எந்த மருந்தும் போடாதீர்கள்.

முதலில் ஒரு கணக்கு. 20 கிராமை 18ஆல் வகுத்தால் ஓர் இரவுக்கு 1.1 கிராம் வருகிறது. முழு முகத்துக்கும் வேண்டியது ஏறக்குறைய கால் கிராம். அதாவது நான்கு மடங்குக்கு மேல் பூசியிருக்கிறீர்கள். அதையும் முதல் நாளிலிருந்தே தினமும் பூசியிருக்கிறீர்கள், அதுவும் 0.05 விழுக்காட்டில், கழுவிய ஈரம் காய்வதற்குள். இதில் ஏதாவது ஒன்று மட்டும் நடந்திருந்தால் கொஞ்சம் வறட்சியோடு போயிருக்கும். நான்கும் சேர்ந்ததால் ரசம் எரிகிறது.

'பட்டாணி அளவு' என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எந்தப் பட்டாணி என்று யாரும் சொல்வதில்லை. ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் அது அரை கிராம்; தோல் மருத்துவத்தில் களிம்பை அளக்கும் வழியே அதுதான். அந்தக் கோட்டில் பாதி உங்கள் முகத்துக்குப் போதும். சமையலறைக் கணக்கில் சொன்னால் ஊறவைக்காத வெள்ளைக் கொண்டைக்கடலை ஒன்று. சுண்டலுக்கு ஊறிய கடலையைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது இரண்டு மடங்கு. இந்த அளவில் தினமும் போட்டாலும் 20 கிராம் டியூப் இரண்டரை மாதம் வரும். அதற்குள் தீர்ந்தால் கை தாராளமாகிவிட்டது என்று அர்த்தம். கூடுதலாகப் பூசுவதால் பரு சீக்கிரம் போவதில்லை. எரிச்சல் மட்டும்தான் கூடும்.

இப்போது முகத்தை ஆற்ற வேண்டும். காலையும் இரவும் நுரை அதிகம் வராத மென்மையான ஃபேஸ்வாஷ், குழாய்த் தண்ணீர், அவ்வளவுதான். சுடுதண்ணீர் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே வாசனை சேர்க்காத மாய்ஸ்சுரைசரை நன்றாகப் போடுங்கள். லேபிளில் கிளிசரின், செராமைடு இருந்தால் நல்லது. இரவில் மூக்கோரம், வாயோரம் ஆகிய இடங்களில் அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிய பூச்சாக. பெட்ரோலியம் ஜெல்லி பிசுபிசுப்பாக இருந்தாலும் துவாரத்தை அடைக்காது, பயப்பட வேண்டாம். ஸ்கிரப், டோனர், வைட்டமின் சி, சாலிசிலிக் ஆசிட், எலுமிச்சை, கடலை மாவு எல்லாம் அலமாரிக்குள் போகட்டும். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். பிய்த்த இடம்தான் முதலில் கறுக்கும்.

இப்படி 7 முதல் 14 நாள். நாள்கணக்கைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு: வெறும் தண்ணீரில் முகம் கழுவும்போது சுரீரென்று எரியக்கூடாது, மாய்ஸ்சுரைசர் போடும்போதும் எரியக்கூடாது. தொடர்ந்து மூன்று நாள் அப்படி இருந்தால் தோல் தேறிவிட்டது. மாறாகக் கண் இமை வீங்கினாலோ, நீர் கோத்த கொப்புளம் வந்தாலோ, தோலிலிருந்து நீர் வடிந்தாலோ அது வெறும் எரிச்சலாக இருக்காது, ஒவ்வாமையாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

தோழி சொன்னதில் பாதி உண்மை. பரு எப்படி வருகிறது என்று பார்த்தால் அந்தப் பாதி எது என்று விளங்கும். மயிர்க்காலின் வாய்க்குள் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெயோடு சேர்ந்து ஒரு அடைப்பாகின்றன. அது கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும். வெளியே பருவாகத் தலைகாட்ட ஏறக்குறைய 8 வாரம்கூட ஆகலாம். இன்றைக்குக் கன்னத்தில் நீங்கள் பார்க்கும் பரு இரண்டு மாதம் முன்னால் விதைத்தது. நீங்கள் போட்ட ட்ரெட்டினாயின் ரெட்டினாய்டு என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. ரெட்டினாய்டு அந்தச் செல்கள் ஒட்டாமல் உதிரச் செய்கிறது, அழற்சியையும் தணிக்கிறது. அதனால்தான் பரு இருக்கும் இடத்தில் மட்டும் புள்ளி வைப்பதில் பயனில்லை, பரு வரக்கூடிய பரப்பு முழுவதும் பூச வேண்டும். பலனை 12 வாரம் கழித்து எடைபோட வேண்டியதும் அதனால்தான்.

மருந்து வேலை செய்யத் தொடங்கியதும், உள்ளே பாதி வளர்ந்திருந்த அடைப்புகள் சில முன்கூட்டியே மேலே வரும். தோழி சொல்வது இதைத்தான். இது பெரும்பாலும் 2ஆம் வாரத்துக்கும் 6ஆம் வாரத்துக்கும் இடையில் வரும். உங்களுக்கு வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே வரும். வந்த பரு வழக்கத்தைவிடச் சீக்கிரம் அடங்கும். உங்கள் கன்னத்துப் பருவுக்கு இந்த விளக்கம் பொருந்தலாம். வாயைச் சுற்றி, இதுவரை ஒரு பரு கூட வராத இடத்தில் சிவந்து, உரிந்து, எரிகிறதே, அதற்குப் பொருந்தாது. அது மருந்து சுட்ட புண். அதன்மேல் 'விடாமல் போடு' என்பது தீக்காயத்தில் மறுபடி சூடு வைப்பது போல.

நம் தோலுக்கு இதில் கூடுதல் விலை ஒன்று இருக்கிறது. மாநிறத்திலும் கறுப்பிலும் நிறமி செல்கள் எந்த எரிச்சலுக்கும் உடனே பதில் சொல்லும். பரு எரிந்தாலும் கறை, நகம் பட்டாலும் கறை, மருந்து சுட்டாலும் கறை. வெளிர்ந்த தோலில் இரண்டு வாரச் சிவப்போடு போய்விடும் விஷயம் நமக்கு மாதக்கணக்கில் பழுப்பாகத் தங்கும். வெள்ளைக்காரர்களும் கொரியர்களும் இணையத்தில் போடும் 'முதல் மாதம் உரியத்தான் செய்யும், பல்லைக் கடித்துக்கொள்' என்ற அறிவுரையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. உரியாமல் போக முடியும், உரியாமல்தான் போக வேண்டும். மெதுவாகப் போனால் பரு விஷயத்தில் இரண்டு மூன்று வாரம்தான் இழப்பு. அவசரப்பட்டால் கறை விஷயத்தில் அரை வருடம் போய்விடும்.

மீண்டும் தொடங்குவது எப்படி?

அதே 0.05ல் தொடங்காதீர்கள். ட்ரெட்டினாயின் 0.025 விழுக்காடு கிரீம், அல்லது அடப்பலீன் 0.1 விழுக்காடு. இரண்டில் உங்களுக்கு அடப்பலீனைத்தான் முதலில் சொல்வேன். அதுவும் ரெட்டினாய்டுதான், ஆனால் எரிச்சல் குறைவு, வெளிச்சத்தில் எளிதில் சிதையாது. ஜெல்லும் கிரீமும் இருந்தால் கிரீமை எடுங்கள். ஏர்கானில் எட்டு மணி நேரம் காயும் முகத்துக்கு ஜெல் இன்னும் காய்ச்சும். முகத்தில் எண்ணெய் வழியும் பையன்களுக்கு ஜெல் சரி. ட்ரெட்டினாயின் சிங்கப்பூரில் மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து. பலதுறை மருந்தகத்திலோ வீட்டுப் பக்கத்துப் பொது மருத்துவரிடமோ முகத்தைக் காட்டி வாங்குவதில் ஒரு லாபம் உண்டு: இது பருதானா என்று ஒருவர் பார்த்துவிடுவார். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதல் 2 வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும். திங்கள், வியாழன் என்று நாள் குறித்துக்கொண்டால் குழப்பம் வராது. எரிச்சல் இல்லையென்றால் அடுத்த 3 வாரம் ஒன்றுவிட்டு ஒரு இரவு. அதுவும் ஒத்துக்கொண்டால் தினமும். ஒன்றுவிட்டு ஒரு நாளிலேயே நின்றுவிட்டாலும் குற்றமில்லை. பலருக்கு அதுவே போதுகிறது. ஏதாவது ஒரு வாரம் மூக்கோரம் உரியத் தொடங்கினால் அடுத்த இரண்டு முறையை விட்டுவிட்டுப் பழைய படிக்கு இறங்குங்கள்.

அந்த இரவுகளில் வரிசை இப்படி. முகம் கழுவி, ஒற்றி, 20 நிமிடம் காத்திருங்கள். ஈரத்தோல் மருந்தை அதிகமாக உள்ளே இழுக்கும். நீங்கள் சூடுபட்டதில் இதற்கும் பங்கு உண்டு. பல் துலக்கி, நாளைக்குத் துணி எடுத்து வைத்தால் 20 நிமிடம் ஓடிவிடும். பிறகு மூக்கின் மடிப்பு, வாயின் இரு ஓரம், கண்ணின் ஓரம் இங்கெல்லாம் பெட்ரோலியம் ஜெல்லி துளி வையுங்கள். கிரீம் வழிந்து போய்ச் சேர்ந்து எரிவது இந்தப் பள்ளங்களில்தான். அடுத்து முகம் முழுக்க மெல்லிய மாய்ஸ்சுரைசர். 10 நிமிடம் கழித்துக் கொண்டைக்கடலை அளவு கிரீமை நெற்றியில் ஒரு புள்ளி, கன்னத்துக்கு ஒவ்வொன்று, தாடையில் ஒன்று என்று வைத்து, விரலால் வெளிப்பக்கமாக இழுத்துவிடுங்கள். தடவியது தெரியவே கூடாது. வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். மேலே இன்னொரு பூச்சு மாய்ஸ்சுரைசர். இப்படி நடுவில் வைத்துப் பூசினால் மருந்து வீணாகிவிடுமோ என்று கேட்பார்கள். கொஞ்சம் மெதுவாக உள்ளே போகும், நமக்கு வேண்டியதும் அதுதான். மிச்சம் விரலில் ஒட்டியிருப்பதைக் கழுத்தில் தேய்க்காதீர்கள், கழுத்துத் தோல் முகத்தைவிட நொய்மையானது. கையைக் கழுவிவிடுங்கள்.

இதுகூட எரிந்தால் கிரீமைப் போட்டு 30 நிமிடத்தில் கழுவிவிடும் முறை ஒன்று உண்டு. இரண்டு வாரம் அப்படிப் பழக்கி, பிறகு ஒரு மணி நேரம், பிறகு இரவு முழுவதும்.

சிவந்து சீழ் கோக்கும் பருவும் இருந்தால் மருத்துவர் பென்சாயில் பெராக்சைடு சேர்க்கலாம். அது பரு உண்டாக்கும் கிருமியைக் கொல்லும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ட்ரெட்டினாயினையும் பென்சாயில் பெராக்சைடையும் ஒரே நேரத்தில் ஒன்றின்மேல் ஒன்று போட்டால் பெராக்சைடு ட்ரெட்டினாயினைச் சிதைத்துவிடும். ஒன்று காலை, மற்றது இரவு. அடப்பலீனுக்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டும் ஒரே டியூபில் கலந்தேகூட வருகிறது. 2.5 விழுக்காடு போதும். 10 விழுக்காடு அதைவிட நன்றாக வேலை செய்வதில்லை, எரிச்சல் மட்டும் அதிகம். இன்னொன்று, இது துணியின் சாயத்தை வெளுத்துவிடும். வெள்ளைத் தலையணை உறையும் வெள்ளைத் துண்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் புடவைகள் இருக்கும் கட்டில் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அம்மாவுக்கு வருவோம். ரெட்டினாய்டு தோலை மெலிய வைக்கும் என்பது உரிவதைப் பார்த்துப் பிறந்த பயம். உதிர்வது மேலே இருக்கும் இறந்த செல்கள். அதன் கீழே இருக்கும் உயிருள்ள அடுக்கு, தொடர்ந்து பயன்படுத்தும்போது தடிக்கத்தான் செய்கிறது. தேங்காய் எண்ணெய் விஷயத்தில் அம்மாவோடு மரியாதையாக வேறுபட வேண்டியிருக்கிறது. உரிந்த முழங்காலுக்கும் குதிகாலுக்கும் அது நல்ல மருந்து. பரு வரும் முகத்தில் துவாரத்தை அடைக்கும். தலைக்கு வைக்கும் எண்ணெயும் நெற்றிக்கு இறங்குகிறது. எண்ணெய் வைக்கும் நாளில் இரவு முழுக்க ஊற விடாமல், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து அலசிவிடுங்கள். நெற்றிக் கோட்டில் மட்டும் ஒரே அளவில் பொடிப்பொடியாக வருகிறதென்றால் முதலில் எண்ணெயைச் சந்தேகப்படுங்கள்.

தோலை உண்மையில் மெலிய வைப்பது வேறொரு பொருள். அது சித்தியின் இரண்டாவது டியூபில் இருக்கக்கூடும். எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே மோமெட்டாசோன் அல்லது ஃப்ளூவோசினோலோன் என்று மூன்று பெயர் இருந்தால் அதை நீங்கள் தொடவே கூடாது. முதல் பெயர் நிறத்தை வெளுக்கும் மருந்து; மூன்றாவது பெயர் ஸ்டீராய்டு, அழற்சியை அடக்கும் மருந்து. இந்தக் கலவைக்கு ஒரு வரலாறு உண்டு. ட்ரெட்டினாயின் பருவுக்குப் பயன்படும் என்று 1969ல் எழுதிய அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன்தான், 1975ல் ஹைட்ரோகுவினோனையும் ஸ்டீராய்டையும் அதோடு சேர்த்து நிறத்திட்டுக்கு ஒரு கூட்டு மருந்து தந்தார். மங்கு என்று நாம் சொல்லும் கருந்திட்டுக்கு, மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு அது மருந்து. பருவுக்கும் 'நிறத்துக்கும்' தினப்பூச்சாகக் கடையில் கேட்டு வாங்கியபோது அது வினையாக மாறியது.

முதல் இரண்டு வாரம் ஸ்டீராய்டு மாயம் செய்யும். சிவப்பு அடங்கும், முகம் பளபளக்கும், 'மைல்டு' என்று தோன்றும். சித்தி பொய் சொல்லவில்லை, அவர் பார்த்தது அந்த இரண்டு வாரம். பிறகு அதே முகத்தில் ஸ்டீராய்டுப் பரு, வாயைச் சுற்றிப் பொரிபொரியாகத் தடிப்பு, கன்னத்தில் நூல்போலச் சிவந்த ரத்தக்குழாய், பூனைமுடி. நிறுத்தினால் முகம் கொதிக்கும், அதனால் நிறுத்த முடியாமல் போகும். லேபிளே இல்லாமல் டப்பாவில் வரும் நைட் கிரீம்கள் இன்னும் மோசம். இணையத்தில் விற்கப்படும் இப்படிப்பட்ட கிரீம்களில் சொல்லாமல் கலந்த ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், பாதரசம் ஆகியவை இருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே அப்படி எதையாவது மாதக்கணக்கில் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கறைக்கு இப்போது செய்யக்கூடிய பெரிய காரியம் சன்ஸ்கிரீன். எந்த வெளுப்பு கிரீமும் அதற்கு ஈடில்லை. சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1 மணிக்கு. நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீங்கள் அலுவலகத்திலிருந்து லாவ் பா சாட்டுக்குச் சாப்பிட நடக்கும் நேரம் அதேதான்! வெயிலின் கடுமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு, மிக ஆபத்தான அளவான 11ஐத் தொடும் நாள்கள் இங்கே சாதாரணம். தேசியச் சுற்றுப்புற வாரியம் மணிக்கு மணி வெளியிடுகிறது, ஒருநாள் 1 மணிக்கு எடுத்துப் பாருங்கள். எஸ்பிஎஃப் 30க்கு மேல், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம். காலை 8 மணிக்குப் போட்டது மதியத்துக்குள் வேர்வையில் போயிருக்கும், சாப்பிடக் கிளம்பும் முன் மறுபடி போடுங்கள். குடையும் பிடியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெள்ளைச் சாம்பல் பூசியதுபோல் தெரிகிறது என்று நம்மவர்கள் சன்ஸ்கிரீனைப் பாதி அளவு போடுகிறார்கள், அல்லது போடுவதே இல்லை. நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் வாங்குங்கள். அந்த நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு இன்னொரு வேலையும் செய்கிறது: சாதாரண சன்ஸ்கிரீன் அதிகம் தடுக்காத, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கிறது. நம் நிறத்தில் கறையை ஆழமாக்குவதில் அந்த வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. தோல் ஆறிய பிறகு காலையில் அசெலாயிக் ஆசிட் 15 அல்லது 20 விழுக்காடு சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பரு, கறை இரண்டுக்கும் உதவும்.

இனிக் கல்யாணக் கணக்கு. கையில் ஏறக்குறைய 16 வாரம். ஆற 2 வாரம், மிச்சம் 14. பரு நன்றாகக் குறைய அது போதும். கறை முழுவதும் மறையும் என்று வாக்குத் தரமாட்டேன். மங்கும், மேக்கப் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முகத்தில் வேக்சிங் செய்வதானால் ஒரு வாரம் முன்பே ரெட்டினாய்டை நிறுத்துங்கள், இல்லையென்றால் மெழுகோடு தோலும் வரும். புருவத்துக்கு நூல் போடுவது அவ்வளவு மோசமில்லை, இரண்டு மூன்று இரவு விட்டால் போதும். ஃபேஷியல், பிளீச், லேசர் என்று எதற்குப் போனாலும் ரெட்டினாய்டு போடுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிளீச் வேண்டவே வேண்டாம்.

நலுங்கு யாரும் யோசிக்காத விஷயம். மஞ்சளைவிட அந்த நலுங்கு மாவின் சொரசொரப்புதான் சிக்கல். பயறும் கிழங்குமாக அரைத்ததை அத்தைமார் அன்போடு கன்னத்தில் அழுத்தித் தேய்ப்பார்கள். ஐந்தாறு நாள் முன்பே கிரீமை விட்டுவிடுங்கள். முகத்துக்குத் தொட்டு வைத்தால் போதும், கைக்கும் காலுக்கும் ஆசைதீரத் தேய்க்கலாம் என்று அம்மாவை விட்டுச் சொல்ல வையுங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு குழந்தைக்குத் திட்டமிடும்போது ரெட்டினாய்டை நிறுத்த வேண்டும். பூசும் கிரீமிலிருந்து ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. ஆனாலும் கர்ப்ப காலத்தில் இந்த மருந்துகளைத் தவிர்ப்பதுதான் நடைமுறை. உங்கள் பருவுக்காகக் குழந்தையை வைத்துச் சோதனை பார்க்க முடியாது. தெரியாமல் போட்டுக்கொண்டிருக்கும்போதே கரு தங்கிவிட்டால் பதறாதீர்கள், நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அசெலாயிக் ஆசிட் அந்தக் காலத்துக்குப் பொருந்தும். இதே குடும்பத்தில் மாத்திரையாக வரும் ஐசோட்ரெட்டினாயின் வேறு விஷயம். அது சிசுவுக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும். யாராவது மிச்ச மாத்திரை கொடுத்தால் கையாலும் தொடாதீர்கள்.

மருத்துவர் ஒருமுறை முகத்தைப் பார்க்கட்டும் என்று சொன்னதற்குக் காரணம் இவை. நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து அரித்தால் அது பருவே இல்லாமல், வேர்வையில் பெருகும் ஈஸ்ட் மயிர்க்காலில் உண்டாக்கும் தொல்லையாக இருக்கலாம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அது நிறைய. அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். தாடையில் மாதவிடாய்க்கு முன் கூடும் பரு, மாதவிடாய் தள்ளித் தள்ளி வருதல், மோவாயில் முடி இவை சேர்ந்திருந்தால் சினைப்பையைப் பார்க்க வேண்டும், எவ்வளவு கிரீம் போட்டாலும் பாதிதான் கேட்கும். தொட்டால் வலிக்கும் ஆழமான கட்டிகள் இருந்தால் 12 வாரம் காத்திருக்காதீர்கள். அவை குழியாகத் தழும்பு விடும், குழியை எந்த கிரீமும் நிரப்பாது. அப்படிப்பட்ட நிலையில் பலதுறை மருந்தகத்திலிருந்தே மண்டலே சாலையில் இருக்கும் தேசியத் தோல் நிலையத்துக்கு எழுதித் தருவார்கள். அந்தக் கடிதத்தோடு போனால் கட்டணச் சலுகையும் கிடைக்கும்.

புது டியூபைக் குளியலறையிலும் ஜன்னலோரத்திலும் வைக்க வேண்டாம். சூடும் வெளிச்சமும் படாத இழுப்பறை போதும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது தீர்ந்துபோன காலி டியூபையும், சித்தியின் இரண்டாவது டியூபையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.